சொன்னது யார் என்று கேட்கிறார்கள்

ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்குக்கூடப் போகாமல் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே, அகதிகள் முகாமிலிருந்து வந்திருக்கும் ஈழத்து உறவுகளே!

பிரான்ஸ் என்றால் நம் பக்கத்துக்காரர்களுக்குச் சட்டென்று நினைவு வருவது தேர்வாய்கண்டிகை மிச்செலின் டயர் ஆலைதான். அந்த நாட்டுக்காரர் லோரான் ஹெய்ன்மான் 1977இல் எடுத்த படத்தைத்தான் இப்போது பார்த்தோம். படத்தில் பெயர்களை மாற்றியிருந்தாலும் கதை நடந்த கதை.

அல்ஜீரியா பிரான்சுக்கு அடிமைப்பட்டிருந்த காலம். 1954இல் விடுதலைப் போர் மூண்டது. தலைநகர் அல்ஜியர்ஸில் ஒரு நாளேட்டின் ஆசிரியராக இருந்தவர் ஆன்றி அலெக். 1955இல் பத்திரிகைக்குத் தடை விழுந்தது. பின்னர் அவர் தலைமறைவானார். 1957 ஜூன் 12 அன்று மொரீஸ் ஓதேன் என்ற நண்பரின் வீட்டுக்கு வந்தார். ஓதேனை முந்தின நாளே பிரெஞ்சு ராணுவத்தார் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். வீட்டுக்குள் காத்திருந்தவர்களிடம் அலெக் சிக்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த சித்திரவதைக் காட்சிகளில் பலர் தலையைக் குனிந்துகொண்டீர்கள். நானும்தான். ராணுவத்துத் தொலைபேசிக்கு மின்சாரம் எடுக்கும் சின்னக் கைச்சுழற்சி இயந்திரம். கைப்பிடியைச் சுற்றினால் கரண்ட் வரும். பேசுவதற்காகச் செய்த கருவி, வாயைப் பிளக்கப் பயன்பட்டது. இவ்வளவும் எதற்கு? தலைமறைவாக இருந்தபோது உனக்கு இடம் கொடுத்தவர் யார் என்ற ஒரே கேள்விக்காக. அலெக் கடைசிவரை பெயர் சொல்லவில்லை.

சிறையில் இருந்துகொண்டே நடந்ததையெல்லாம் எழுதி, வழக்கறிஞர்கள் மூலம் தாள் தாளாக வெளியே அனுப்பினார். 1958 பிப்ரவரியில் அது புத்தகமாக வந்தது. அடுத்த மாதமே அரசு பறிமுதல் செய்தது. ஓதேன் என்ன ஆனார்? 25 வயது, பல்கலைக்கழகத்தில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். தப்பி ஓடிவிட்டார் என்றது ராணுவம். அவர் சாவுக்கு நாங்கள்தான் பொறுப்பு என்று ஒரு பிரெஞ்சு அதிபர் ஒப்புக்கொள்ள 2018 செப்டம்பர் ஆனது. உடல் இன்றுவரை கிடைக்கவில்லை.

இதே பிரான்சின் கொடி பறந்த புதுச்சேரிதான் நம் பாரதிக்குப் புகலிடம் தந்தது. 1908இல் 'இந்தியா' பத்திரிகை மீது ஆங்கிலேயர் பாய்ந்தார்கள். தலையங்கத்தில் அனல் பறந்தது பாரதியால். ஆசிரியர் என்று பதிவாகியிருந்த பெயரோ சீனிவாசன். பாரதி புதுச்சேரி போய்ச் சேர்ந்தார். சீனிவாசனுக்கு ஐந்தாண்டுச் சிறை. பாரதிக்கு ஊருக்கு ஊர் சிலை வைத்திருக்கிறோம், வைக்க வேண்டியதுதான். சீனிவாசன் பெயரில் ஒரு தெருவாவது இருக்கிறதா? தன் குடிமகன் பத்திரிகை நடத்தினால் பூட்டுப் போடும் அரசு, பக்கத்து வல்லரசைத் திட்டும் பத்திரிகைக்கு இடம் கொடுக்கும். அதைக் கருணை என்று நம்பிவிட வேண்டாம்.

சீனிவாசனைப் போல எழுதுகிறவனுக்காக இன்னொருவர் அடிபடுவது ஈழத்து உறவுகளுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் பிபிசிக்குச் செய்தி அனுப்பிவந்தவர் மயில்வாகனம் நிமலராஜன். தேர்தல் முறைகேடுகளை எழுதினார். 2000 அக்டோபர் 19 இரவு, ஊரடங்கு நேரம். சுற்றிலும் ராணுவக் காவல். அந்தக் காவலைத் தாண்டி வந்தவர்கள், அவர் எழுதிக்கொண்டிருந்த அறையின் ஜன்னல் வழியாகச் சுட்டார்கள். போகும்போது வீட்டுக்குள் கையெறிகுண்டையும் வீசினார்கள். அப்பா, அம்மா இருவரும் காயப்பட்டார்கள். 2006 மே 2 அன்று யாழ்ப்பாணத்து நாளேடான 'உதயன்' அலுவலகத்துக்குள் புகுந்து சுட்டதில் ஊழியர்கள் இருவர் இறந்தார்கள். உலகப் பத்திரிகைச் சுதந்திர நாளுக்கு முந்தின நாள் அது. அந்த ஆண்டு அந்த விழாவை யுனெஸ்கோ கொழும்பில்தான் நடத்தியது.

நம் சிப்காட் தொழிற்பேட்டைக்கு வருவோம். இங்கே குண்டு வெடிக்கவில்லை, உண்மைதான். ஆனால் ஒரு ஆலையில் கை போனது, ராத்திரியில் புகை விட்டார்கள், கழிவுநீரை ஏரியில் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்தால், கை போனவன் எப்படி இருக்கிறான் என்று யாரும் கேட்பதில்லை. "பேப்பர்காரனுக்குச் சொன்னது யாரு?" என்பதுதான் முதல் விசாரணை. கான்ட்ராக்ட் தொழிலாளி என்றால் மறுநாள் கேட்டிலேயே நிறுத்திவிடலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1978ஆம் ஆண்டின் பத்திரிகைக் கவுன்சில் சட்டம் 15ஆவது பிரிவின்படி, செய்தி தந்தவர் யார் என்று சொல்லும்படி பத்திரிகையாளரைக் கட்டாயப்படுத்த முடியாது. நல்ல பிரிவு. ஆனால் அது அந்தக் கவுன்சிலின் விசாரணைக்கு மட்டும். காவல் நிலையத்திலும் நீதிமன்றத்திலும் அது துணைக்கு வராது.

ஆகவே அடுத்த முறை ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் சாலை, குடிநீரோடு இதையும் சேர்த்துக் கேளுங்கள்: செய்தி தந்தவரைக் காக்கும் சட்டம் எப்போது கொண்டுவருவீர்கள்? நிருபர் தம்பிகளே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. யார் மிரட்டினாலும், யார் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டாலும், உங்களை நம்பிச் சொன்னவர் பெயரைச் சொல்லிவிடாதீர்கள்.