கோடையும் காட்டுத்தீயும்
(கூட்டமைப்பின் பொதுக்குழுவில் ஆற்றிய உரை)



மாசி பிறந்தாலே நம்ம தேனி மலைச் சரிவில் புல்லெல்லாம் காய்ஞ்சிடும். ஜூனில் பருவமழை வரும்வரை ஒரு தீப்பொறி போதும். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் பற்றிய தீயில், மலையேற வந்த 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதில் பெண்களும் உண்டு.

தீ மேட்டைப் பார்த்துத்தான் வேகமா ஓடும். கீழே எரியுற அனல், மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே சூடாக்கிடுது. பகல்ல காத்தும் மேலே ஏறும். அதனால தீயைக் கண்டா மேட்டுக்கு ஓடாதீங்க. பக்கவாட்டில் விலகி இறங்குங்க. குறுகலான ஓடைப் பள்ளத்துக்குள்ள போகாதீங்க. அதுவழியாத்தான் அனல் ஏறும். புல் இல்லாத பாறை, எரிஞ்சு அணைஞ்ச இடம், இதுதான் பத்திரம்.

விறகுக்கும் மாட்டுக்கும் காட்டுக்குப் போறது நாமதான். புதுப்புல் முளைக்கும்னு தீ வைக்கிற பழக்கத்தை நம்ம வீட்டிலிருந்தே நிறுத்தணும். ஒவ்வொரு குழுவும் தீர்மான நோட்டில் எழுதுங்க: தனியா போகக்கூடாது, எந்தப் பக்கம் போறோம்னு சொல்லிட்டுப் போகணும், புகை தெரிஞ்சா உடனே வனக்காவலருக்கும் 101-க்கும் சொல்லணும்.

வாங்கின கடனைத் தவணை போட்டுக் கட்டிடலாம். போன உயிரை எந்தத் தவணையிலும் மீட்க முடியாது.