சேற்றுக்குள் இருக்கும் சேமிப்பு

(நூற்றாண்டு விழாவையொட்டிய பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



நூற்றாண்டு நினைவாகக் களப்புக் கரையில் நூறு கண்டல் கன்றுகள் நடுவோம் என்ற யோசனை நம்மிடையே இருக்கிறது. நல்ல யோசனைதான். ஆனால், கன்று வாங்குவதற்கு முன் மண்ணுக்குக் கீழே நடப்பதை நாம் கொஞ்சம் அறிந்துகொள்ள வேண்டும்.

புத்தளம் களப்போரம் வளர்ந்த நமக்குக் கண்டலின் முட்டு வேர்களும் கண்ணாவின் மூச்சு வேர்களும் பழக்கமானவை. நாம் காணாதவை அவற்றின் நுண்வேர்கள். இரண்டு மில்லிமீற்றரிலும் மெல்லியவை. விஞ்ஞானப் பாடத்தில் சிறுகுடலின் சடைமுளைகளைப் படம் வரைந்தோமே, நினைவிருக்கிறதா? உணவை உறிஞ்சும் அந்தச் சடைமுளைகளின் மேற்படைக் கலங்கள் சில நாட்களுக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாகின்றன. நுண்வேர்களும் அப்படியே. நீரையும் போசணையையும் உறிஞ்சும், மடியும், புதியவை முளைக்கும்.

தோட்டத்து மண்ணில் மடிந்த வேரைப் பற்றீரியாக்கள் விரைவில் உக்கச் செய்துவிடும். களப்புச் சேற்றிலோ ஒட்சிசன் மிகக் குறைவு. அங்கே வேர் மிக மெதுவாகவே உக்கும். அதிலுள்ள காபன் ஆண்டாண்டாகப் படிந்து சேர்கிறது. கண்டல் காட்டின் காபனில் பெரும்பங்கு மரத்தில் அல்ல, சேற்றிலேயே இருக்கிறது.

1980களிலிருந்து இறால் பண்ணைகளுக்காக நம் மாவட்டத்தில் கண்டல்கள் அழிக்கப்பட்டன. 1990களில் வெண்புள்ளி நோய் பரவியபின் பல பண்ணைகள் கைவிடப்பட்டன. குளம் தோண்டியபோது சேற்றில் காற்றுப் பட்டது. நெடுங்காலச் சேமிப்பு காபனீரொட்சைட்டாக வெளியேறியது. வெட்டிய இடத்தில் கன்று நட்டாலும் அந்தச் சேமிப்பு உடனே திரும்பாது. ஆகவே, நிற்கும் காட்டைக் காப்பதே முதல் வேலை.

நடுவதும் எளிதல்ல. இலங்கையில் கண்டல் நடப்பட்ட 23 இடங்களை ஆராய்ந்து 2017இல் வெளியான ஆய்வு ஒன்று, அவற்றில் 9 இடங்களில் ஒரு கன்றுகூடப் பிழைக்கவில்லை என்கிறது. பாதிக்கு மேல் பிழைத்தவை மூன்றே இடங்களில்: நீர்கொழும்பு, நம் மாவட்டத்துக் கற்பிட்டி, சிலாபத்துக்கு அருகிலுள்ள பம்பல. பொருந்தாத நிலமட்டத்தில் நட்டதும், நட்டபின் கவனிக்காததும், மாடுகள் மிதித்ததும் அழிவுக்குக் காரணங்கள். நோயாளிக்கு மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, பிறகு திரும்பிப் பாராமல் இருப்பது போன்றது இது.

இலங்கையின் கண்டல் மீளுருவாக்க முயற்சியை 2024இல் ஐக்கிய நாடுகள் சபை உலக முன்மாதிரிகளுள் ஒன்றாக அறிவித்தது. அந்தப் பெருமைக்கு நாமும் தகுதியாக வேண்டும்.

எனவே மூன்று வேண்டுகோள்கள். இடத்தை வனத் திணைக்களத்தாரையும் களப்பில் தொழில் செய்யும் மீனவக் குடும்பங்களையும் கேட்டே தெரிவோம். நீரோட்டம் தடைப்பட்ட இடமானால் முதலில் நீருக்கு வழி விடுவோம். வெளிநாட்டிலுள்ள தோழியர் அனுப்பும் பணத்தில் பாதியைப் பராமரிப்புக்கென்று ஒதுக்கி, பத்து ஆண்டுகள் கணக்குக் காட்டுவோம்.

நட்ட அன்று எடுக்கும் படத்தைவிட, பத்தாவது ஆண்டில் எத்தனை மரம் நிற்கிறது என்பதை இன்றைய மாணவியர் எண்ணிச் சொல்வதே நம் பாடசாலைக்குப் பெருமை.