அப்பாவைவிட மூத்தவனாகும் வருஷம்

புளியங்குடியில இருந்து பேசுறேன். இந்த எபிசோடுல விருந்தினர் யாரும் கிடையாது, நான் மட்டும்தான். இந்த வாரம் எனக்கு 52 வயசு முடியுது. எங்க அப்பா 51 வயசுல தவறிட்டாங்க. எந்த முடிவு எடுக்கணும்னாலும், "இந்த வயசுல அப்பா என்ன செஞ்சாங்க?"ன்னு யோசிக்கிறது என் பழக்கம். வீடு கட்டும்போதும் பிள்ளைகள் படிப்புக்கும் அப்படித்தான் யோசிச்சேன். இனிமே அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது. அவங்க வாழாத வயசுக்குள்ள நான் போறேன். அதைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப்போறேன்.

முதல்ல ஒரு வேடிக்கை. எனக்குப் பிறந்தநாள் ரெண்டு. சர்டிபிகேட்ல ஜூன் மாசம். பள்ளிக்கூடத்துல சேர்த்தப்ப, வலது கையைத் தலைக்கு மேல வளைச்சு இடது காதைத் தொடச் சொன்னாங்க. தொட்டுட்டேன். உடனே அஞ்சு வயசுன்னு முடிவு பண்ணி, ஜூன்ல ஒரு தேதியை எழுதிட்டாங்க. என் வயசுக்காரங்க பல பேருக்கு மே, ஜூன்லதான் பிறந்தநாள் இருக்கும், காரணம் இதுதான். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969லயே வந்தாச்சு. ஆனா வீட்டுல பிறந்த பிள்ளைக்கு அதுக்காக அலைய அப்ப யாருக்கு நேரம்?

அம்மாகிட்ட கேட்டா கணக்கே வேற. ஐப்பசி மாசம், அனுஷ நட்சத்திரம், தீபாவளி முடிஞ்ச மூணாம் நாள், அடைமழை. அந்தக் கணக்குப்படிதான் இந்த வாரம். அம்மாவுக்குத் தேதியும் இல்ல. அவங்க ஆதார்ல வருஷம் மட்டும்தான் இருக்கு. அதனால நாங்க யாரும் அவங்க பிறந்தநாளைக் கொண்டாடினதில்ல, அவங்க எதிர்பார்த்ததும் இல்ல. நம்ம ஊர்ல வருஷா வருஷம் கேக் வெட்டுறது இப்ப வந்த பழக்கம்தானே! பழைய ஆளுங்களுக்கு அறுபதாம் கல்யாணம் ஒண்ணுதான் பெரிய கணக்கு.

பிறந்தப்ப நான் திருநெல்வேலி மாவட்டத்துக்காரன். 2019 நவம்பர்ல தென்காசி தனி மாவட்டம் ஆனதும் தென்காசிக்காரன் ஆயிட்டேன். நான் இருந்த இடத்துலதான் இருக்கேன். வயசும் கிட்டத்தட்ட அப்படித்தான் வருது. நாம எதுவும் செய்யாமலே நம்பர் மாறிடும். அதனால வயசு கூடுறதை மட்டும் வச்சு வளர்ச்சின்னு சொல்லிக்க முடியாது.

வளர்ச்சியைப் பத்தி எனக்குத் தெரிஞ்சதெல்லாம் எலுமிச்சைத் தோட்டத்துல பார்த்ததுதான். புளியங்குடின்னாலே எலுமிச்சைதான்னு உங்களுக்குத் தெரியும். இங்க இருந்து கேரளாவுக்கு மூட்டை மூட்டையாப் போகுது. இப்ப புவிசார் குறியீடும் கிடைச்சிருக்கு. 2022 ஏப்ரல்ல நாடு முழுக்க எலுமிச்சை விலை எகிறினது ஞாபகம் இருக்கா? அப்ப வெளியூர் நண்பர்கள் போன் பண்ணி, "உங்க காட்டுல மழைதான் போ!"ன்னாங்க. ஆனா எலுமிச்சையில பூ காயாகி, பறிக்கிற பக்குவத்துக்கு வர அஞ்சாறு மாசம் ஆகும். சித்திரையில விலை கிடைக்கணும்னா ஐப்பசி, கார்த்திகையில பூத்திருக்கணும். அந்தச் சமயம் சந்தையில விலை கீழ கிடக்கும். அந்த விலையைப் பார்த்துட்டு மனசு விட்டு உரம் வைக்காம, களை எடுக்காம விட்டா சித்திரையில விக்கக் காய் இருக்காது.

நம்ம பிள்ளைகளோட இருக்குற நெருக்கமும் உடம்பும் இப்படித்தான். இன்னிக்கு நல்லா இருந்தா, என்னிக்கோ பூத்தது இப்ப காய்ச்சிருக்கு. இன்னிக்குச் செய்யறதுக்குப் பலன் உடனே கண்ணுக்குத் தெரியாது.

இன்னொண்ணு நீர்ப்போத்து. தண்டுல இருந்து சரசரன்னு நேரா மேல போகும், இலை பெருசா பச்சைப்பசேல்னு இருக்கும். புதுசாப் பார்க்கிறவங்க, மரம் நல்லா வளருதேன்னு சந்தோஷப்படுவாங்க. அது காய்க்காது, காய்க்கிற கிளைக்குப் போற சத்தை இழுத்துக்கும். அதை வெட்டித்தான் ஆகணும். இந்த வருஷம் நான் வெட்டுனது, நாலு வாட்ஸாப் குழுவும், "நான் இல்லாம நடக்காது"ன்னு நினைச்சிருந்த ரெண்டு சங்கப் பொறுப்பும். ரெண்டு சங்கமும் நல்லாவே நடக்குது.

52 வயசுக்கு மேல புதுசா என்ன செய்யப்போறோம்னு நினைக்கிறவங்களுக்கு நம்மாழ்வார் ஐயாவைச் சொல்றேன். 1938 ஏப்ரல் 6ல பிறந்தவர். 1963ல நம்ம பக்கத்து கோவில்பட்டி மண்டல வேளாண் ஆராய்ச்சி நிலையத்துல வேலைக்குச் சேர்ந்தார். அங்க செய்யற ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவலைன்னு 1969ல வேலையை விட்டார். அப்ப அவருக்கு 31 வயசு. ஆனா நாம அவரைத் தெரிஞ்சுக்கிட்டது ரொம்பப் பிந்தி. 2004 சுனாமியில நாகப்பட்டினம் பக்கம் வயல்ல உப்புத் தண்ணி ஏறினப்ப, அந்த மண்ணை மீட்க விவசாயிகளோட நின்னார். அப்ப வயசு 66. கரூர் மாவட்டம் கடவூர்ல வானகத்தை உருவாக்கினது அதுக்கும் அப்புறம். 2013 டிசம்பர் 30ல, 75 வயசுல அவர் இறந்தப்பகூட டெல்டாவுல மீத்தேன் திட்டத்துக்கு எதிரா ஊர் ஊராப் போய்க்கிட்டு இருந்தார். 31ல பூத்தது 66ல காய்ச்சிருக்கு!

இனி அப்பா விஷயம். அவங்க திடீர்னு போனாங்க. அப்ப எனக்கு 22 வயசு. கன்னு வச்சு மூணு வருஷம், இன்னும் காய்ப்புக்கு வரல. பட்டா தாத்தா பேர்லயே இருந்தது. யாருக்குக் கடன் கொடுத்தாங்க, யார்கிட்ட வாங்கியிருந்தாங்க, நகை எங்க அடகுல இருக்கு, எதுவும் அம்மாவுக்குத் தெரியாது. எல்லாம் அப்பா மனசுல இருந்தது. வாரிசுச் சான்றிதழ், பட்டா பெயர் மாற்றம்னு அம்மாவும் நானும் ஒரு வருஷத்துக்கு மேல அலைஞ்சோம். அழுறதுக்குக்கூட அவங்களுக்கு நேரம் கிடைக்கல. அதுதான் எனக்கு இன்னிக்கும் ஆறாத விஷயம். கன்னுகளை மட்டும் அம்மா தண்ணி ஊத்திக் காப்பாத்திட்டாங்க. அதுல வந்த காசுலதான் என் தங்கச்சி கல்யாணம் நடந்தது.

அதனால பிறந்தநாளுக்குன்னு நான் வச்சிருக்கிற வழக்கம் ரெண்டுதான். காலையில வெறும் வயித்துல போய் சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்க்கிறது. அப்புறம் ஒரு நாற்பது பக்க நோட்டு. பட்டா, பத்திரம் எங்க இருக்கு, எந்த பேங்குல கணக்கு, யார் நாமினி, யாருக்கு எவ்வளவு கொடுக்கணும்னு அதுல வருஷா வருஷம் திருத்தி எழுதுவேன். என் வீட்டுக்காரிக்கும் அந்த நோட்டு இருக்கிற இடம் தெரியும். முதல் தடவை எழுதினப்ப, "நல்ல நாளும் அதுவுமா இது என்ன பேச்சு?"ன்னு சத்தம் போட்டா. போன வருஷம் அவளே அவ நகைக் கணக்கை எழுதி வச்சா.

அப்பா வயசைத் தாண்டினா பயம் வரும்னு நினைச்சேன். கொஞ்சம் வருது, இல்லைன்னு சொல்லல. ஆனா அவங்களுக்குக் கிடைக்காத ஒரு வருஷம் எனக்குக் கிடைச்சிருக்கே, இதை எப்படிச் செலவழிக்கிறதுங்கிற யோசனைதான் பெருசா இருக்கு. முதல் செலவை முடிவு பண்ணிட்டேன். தேதி தெரியாட்டியும் பரவாயில்ல, வர்ற தை மாசம் ஒரு நல்ல நாள் பார்த்து அம்மாவுக்குப் பிறந்தநாள் கொண்டாடப்போறோம். தேதியை அவங்களே தேர்ந்தெடுக்கட்டும்.

உங்க பிறந்தநாளுக்கு என்ன வழக்கம் வச்சிருக்கீங்கன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடுல படிக்கிறேன்.