வெளியூர்த் திரையரங்கில் மூன்று படங்கள்



திரைப்படம் பார்ப்பதில் ஊரோடு இருப்பவர்க்கும் வெளியூரில் குடியேறியவர்க்கும் ஒரு வேறுபாடு உண்டு. ஊரோடு இருப்பவர் கதையைப் பார்க்கிறார்; நடிப்பைப் பார்க்கிறார். வெளியூரில் இருப்பவரோ இவற்றுக்கெல்லாம் முன்னதாகப் பேச்சைக் கேட்கிறார். வாரம் முழுவதும் அலுவலகத்தில் இந்தியும் ஆங்கிலமும், காய்கறிக்காரியிடம் அரைகுறை மராத்தியும் பேசிக் களைத்த நாவுக்கு, இருட்டில் அமர்ந்து பிறர் பேசும் தமிழைச் சும்மா கேட்டுக்கொண்டிருப்பதே ஓர் ஓய்வு. மும்பை மாட்டுங்காவில் உள்ள அரோரா என்னும் திரையரங்கு பல்லாண்டுகள் தமிழ்ப் படங்களைத் திரையிட்டு வந்தது. நான் இந்நகருக்கு வந்த புதிதில் அங்குச் செல்லும் நண்பர்கள் என்ன படம் என்று விசாரித்ததே இல்லை. தமிழ்ப்படம் என்றால் போதும், புறப்பட்டுவிடுவார்கள்.

இன்று நிலைமை வேறு. பல அரங்குகள் கொண்ட வளாகம் ஒன்றில் ஒரு தமிழ்ப்படம் நாளைக்கு ஒரு காட்சியாக ஒரு வாரம் ஓடுகிறது. அதுவும் பெரும்பாலும் வீட்டில் சாப்பாட்டு வேளை பார்த்து அமைகிறது. சோளப்பொரியின் விலையைப் பற்றி நான் பேசப் போவதில்லை. பேசினால் எனக்கு அளித்த நேரம் அதற்கே போதாது.

2024 ஆம் ஆண்டில் இங்கு நான் பார்த்த படங்களுள் மூன்றைப் பற்றிச் சில கருத்துக்களைச் சொல்ல விரும்புகிறேன். ஒன்று மலையாளப் படம், ஒன்று தமிழ்ப்படம், மூன்றாவது, மலையாளமும் இந்தியும் மராத்தியும் கலந்தது. மூன்றையும் மொழிமாற்றம் செய்யாத வடிவிலேயே பார்த்தேன். அப்படிப் பார்த்ததனால்தான் அவை எனக்குப் பொருள்பட்டன என்று நினைக்கிறேன்.

முதலாவது, பிப்ரவரி மாதம் வெளிவந்த 'மஞ்ஞும்மல் பாய்ஸ்'. சிதம்பரம் என்பவர் இயக்கியது. கொச்சிக்கு அருகிலுள்ள மஞ்ஞும்மலிலிருந்து கொடைக்கானலுக்கு இன்பச் சுற்றுலா வந்த இளைஞர்களுள் ஒருவர், 2006 ஆம் ஆண்டில், குணா குகையின் ஆழ்ந்த பிளவு ஒன்றில் விழுந்துவிட, தோழர்கள் அவரை மீட்ட உண்மை நிகழ்ச்சியே கதை. 1991 இல் 'குணா' படம் அங்கு எடுக்கப்பட்ட பின்னரே அக்குகைக்கு அப்பெயர் வந்தது. அப்படத்தில் இளையராஜா இசையமைத்த பாடல் ஒன்று இந்த மலையாளப் படத்தின் உயிர்நாடியாக அமைந்திருக்கிறது. தமிழ்நாட்டிலும் இப்படம் மலையாளத்திலேயே பெருங்கூட்டத்துடன் ஓடியது.

அந்த இளைஞர்கள் கயிறு இழுக்கும் போட்டியில் பழகியவர்கள். அந்தப் பழக்கமே இறுதியில் உதவுகிறது. இது நல்ல கதையமைப்பு. ஆனால் என் மனத்தில் தைத்தது வேறொன்று. தோழன் குழிக்குள் கிடக்கிறான். மேலே நிற்பவர்கள் அவ்வூர்க் கடைக்காரரிடமும் காவலரிடமும் தமக்குத் தெரிந்த தமிழில் மன்றாடுகிறார்கள். உயிர் போகும் வேளையில் அயல்மொழியில் சொல் தேடுவது எத்தகைய வேதனை என்பது, குழந்தைக்கு நள்ளிரவில் காய்ச்சல் கண்டு புது ஊரில் மருத்துவமனை வாசலில் நின்ற எவருக்கும் தெரியும். எல்லாரும் ஒரே மொழியில் பேசும்படி இப்படத்தை மாற்றிவிட்டால், அந்தத் தவிப்பில் பாதி போய்விடும். காவல் நிலையத்தில் அவ்விளைஞர்கள் அடிபடும் காட்சியில் என் அருகில் இருந்த மலையாள நண்பர் என்னைத் திரும்பிப் பார்த்தார். தமிழகக் காவல்துறைக்கு அன்று நானே பிரதிநிதி போலும்!

இரண்டாவது படத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். செப்டம்பர் மாதம் வெளிவந்த 'மெய்யழகன்'. இயக்கியவர் ச. பிரேம்குமார். 1996 ஆம் ஆண்டில் சொத்துத் தகராறு காரணமாகத் தஞ்சாவூர் வீட்டை இழந்து சென்னைக்குக் குடிபெயர்கிறது ஒரு குடும்பம். அவ்வீட்டுப் பிள்ளை அருள்மொழி, இருபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பின், உறவுப் பெண்ணின் திருமணத்துக்காக நீடாமங்கலம் செல்கிறான். முகம் காட்டிவிட்டு உடனே திரும்புவது அவன் எண்ணம். அங்கே ஒருவன் 'அத்தான், அத்தான்' என்று வாய் நிறைய அழைத்து ஒட்டிக்கொள்கிறான், உபசரிக்கிறான், ஊர்திரும்பும் பேருந்து தவறியதும் தன் வீட்டுக்கே அழைத்துச் செல்கிறான். அவன் யார், அவன் பெயர் என்ன என்பது அருள்மொழிக்கு நினைவில்லை. கேட்கவும் வெட்கம். இரவு முழுவதும் இந்த நாடகம் நடக்கிறது. அருள்மொழியாக அரவிந்த்சாமியும் பெயர் தெரியாத அந்த உறவினராகக் கார்த்தியும் நடித்திருக்கிறார்கள்.

நேயர்களே, ஆண்டுக்கு ஒருமுறை கலியாணத்துக்கோ காதணி விழாவுக்கோ ஊருக்குப் போகிறவர்கள் அனைவரும் அஞ்சும் கேள்வி ஒன்று உண்டு. "என்னைத் தெரிகிறதா?" என்பதே அது. கேட்பவர் அன்போடுதான் கேட்கிறார். நமக்கோ வியர்த்துவிடுகிறது. அந்தக் கேள்வியை ஒரு முழுப் படமாக விரித்த துணிச்சலை நான் பாராட்டுகிறேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் மொழியில் முறை சொல்லி அழைக்கும் வழக்கம் இருப்பதனால்தான் இக்கதை நிற்கிறது. பெயரே தேவையில்லாமல் ஒருவனை வரவேற்கலாம்; சோறு போடலாம்; பாய் விரித்துப் படுக்கவைக்கலாம். 'அத்தான்' என்னும் ஒரு சொல் இரவு முழுவதையும் தாங்குகிறது. திருமண மேடையில் அருள்மொழி நகைகளைப் பரிசளிக்க, மணப்பெண் அவற்றை அங்கேயே தனக்கு அணிவிக்கச் சொல்லும் காட்சியில் பேச்சே இல்லை எனலாம். ஆயினும் அரங்கில் மூக்கை உறிஞ்சும் ஓசை நாற்புறமும் கேட்டது. அருள்மொழி விட்டுச் சென்ற பழைய மிதிவண்டி ஒன்று மற்றொரு குடும்பத்தை எப்படி வாழவைத்தது என்று கார்த்தி சொல்லும் இடமும் அத்தகையதே. நாம் விட்டுவந்த ஊரில் நம்முடைய பொருள் எதுவோ இன்னும் பயன்பட்டுக்கொண்டிருக்கலாம் என்னும் நினைப்பு, வெளியூரில் வாழ்பவனுக்குச் சிறிய ஆறுதல் அன்று.

குறை இல்லாமல் இல்லை. படம் நீளம். வெளிவந்த சில நாட்களில் பதினெட்டு நிமிடங்களுக்கு மேல் குறைத்தார்கள். நான் கண்டது குறைத்த பிரதியே. அதுவும் எனக்கு நீளமாகத்தான் பட்டது. அன்றியும், கார்த்தியின் பாத்திரத்தில் ஒரு சிறு கறையேனும் இருந்திருக்கலாம். ஊரில் இருப்பவர் எல்லாரும் அவ்வளவு நல்லவர்கள் என்றால், அருள்மொழியின் குடும்பத்திடமிருந்து வீட்டைப் பறித்தவர்கள் எந்த ஊர்க்காரர்கள்?

இப்படத்துக்குப் பதினான்கு வயதுப் பேத்தியுடன் சென்றிருந்தேன். மும்பையிலேயே பிறந்து வளர்ந்தவள். தமிழ் பேசுவாள், படிக்கத் தெரியாது. திரையின் அடியில் ஓடும் ஆங்கில வரிகளைப் படித்துக்கொண்டே பார்த்தாள். நகைச்சுவை வரும் இடங்களில் அவள் எனக்கு முன்னதாகச் சிரித்தாள். நடிகர் சொல்லி முடிக்கும் முன்பே வரி வந்துவிடுகிறதல்லவா! சில இடங்களில் நான் சிரித்தபோது அவள் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பு வரியில் இல்லை, தஞ்சை மாவட்டத்துப் பேச்சின் இழுப்பில் இருந்தது. இடைவேளையில், "தாத்தா, அத்தான் என்றால் என்ன முறை?" என்று கேட்டாள். அத்தை மகன், மாமன் மகன், அக்காள் கணவர் என்று அடுக்கினேன். "இவர்களுள் இவர் யார் என்று அவருக்கே தெரியாதா?" என்றாள். தெரியாது என்றேன். அதற்குப் பின் அவள் அடிவரியைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு முகங்களைப் பார்க்கத் தொடங்கினாள். இந்தத் தலைமுறைக்கு நம்முடைய தமிழ் இன்னும் எத்தனை நாள் காதுவழியாகப் போகும், எப்போது முற்றிலும் கண்வழியாக, அதுவும் ஆங்கில எழுத்தில் மட்டும் போகும் என்ற கவலை எனக்கு அந்த அரங்கில் எழுந்தது. இன்னும் நீங்கவில்லை.

மூன்றாவது படம் நவம்பரில் இங்கு வந்தது. பாயல் கபாடியா இயக்கிய 'ஆல் வி இமாஜின் அஸ் லைட்'. 1994 இல் சென்ற 'ஸ்வாஹம்' என்னும் மலையாளப் படத்துக்குப் பின், முப்பதாண்டுகள் கழித்து கான் விழாவின் முதன்மைப் போட்டியில் இடம்பெற்ற இந்தியப் படம் இது. அங்குக் 'கிராண்ட் பிரீ' என்னும் பரிசும் பெற்றது. அவ்வளவு சிறப்புப் பெற்ற படத்துக்கு எனக்குக் கிடைத்தது ஒரு வேலைநாள் காலைக் காட்சி. அரங்கில் பதினொருவர் இருந்தோம்.

மும்பை மருத்துவமனை ஒன்றில் பணிபுரியும் இரு மலையாளச் செவிலியர், அங்கே சமையல் வேலை பார்க்கும் பார்வதி என்னும் மராத்தியப் பெண்மணி ஆகிய மூவரின் கதை. மூத்த செவிலி பிரபாவின் கணவன் ஜெர்மனியில் இருக்கிறான். ஓராண்டுக்கும் மேலாகப் பேச்சில்லை. ஒருநாள் அனுப்பியவர் பெயரின்றி ஜெர்மனியிலிருந்து மின்சாரச் சோற்றுப்பானை ஒன்று வந்து சேர்கிறது. கடிதம் இல்லை. அந்தப் பானையை அவள் இரவில் தனியே அணைத்துக்கொண்டு அமர்ந்திருக்கும் காட்சியைக் கனி குஸ்ருதி நடித்திருக்கும் விதத்தைச் சொல்லால் விளக்க இயலாது. மலையாள மருத்துவர் ஒருவரும் வருகிறார், கவிதை எழுதுகிறார், இந்தி மட்டும் வரமாட்டேன் என்கிறது.

பார்வதியின் கணவர் பஞ்சாலைத் தொழிலாளியாக இருந்து இறந்தவர். வீட்டுக்குரிய தாள் எதுவும் அவளிடம் இல்லை. கட்டடக்காரர்கள் காலிசெய்யச் சொல்கிறார்கள். இத்தனை ஆண்டுகள் வாழ்ந்ததற்குத் தாள் வேண்டும் என்னும்போது, வெளிமாநிலத்தார் மட்டுமல்லர், உள்மாநிலத்தாரும் இந்நகரில் அந்நியரே என்பது விளங்குகிறது. 1982 ஆம் ஆண்டின் பெரும் வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, அவ்விடங்களில் மாடமாளிகைகள் எழுந்ததைக் கண்ணால் கண்டவர்களுக்கு இப்பகுதி கதையாகத் தோன்றாது. பின்னர் அவள் இரத்தினகிரிக் கடற்கரையிலுள்ள தன் ஊருக்கே திரும்புகிறாள். செவிலியர் இருவரும் துணையாகச் செல்கின்றனர். மும்பையின் நீலநிற மழையிலிருந்து அந்தக் கடற்கரை வெயிலுக்குப் படம் மாறும்போது மூச்சு விரிவது போலிருந்தது. மெதுவாகச் செல்லும் படம்தான். விரைவை விரும்புவோர்க்கு உகந்ததன்று.

காட்சி முடிந்து விளக்கு எரிந்ததும், முன்வரிசையில் இருந்த மராத்தி மூதாட்டி ஒருவர் திரும்பி, நான் தென்னாட்டவன் என்று கண்டுகொண்டு, பிரபா ஓரிடத்தில் பேசிய மலையாளத்துக்குப் பொருள் கேட்டார். ஆங்கில வரி கீழே வந்ததே, படிக்கவில்லையா என்றேன். படித்தாராம். பொருளும் தெரிந்துவிட்டதாம். "அந்தச் சொல்லை உங்கள் பக்கத்தில் எப்போது சொல்வார்கள், கோபத்திலா, செல்லமாகவா?" என்பதே அவர் அறிய விரும்பியது. எனக்குத் தெரிந்த மலையாளத்தையும் தெரிந்த மராத்தியையும் சேர்த்து விளக்கிக்கொண்டே இருவரும் படியிறங்கினோம்.