கண்ணுக்குத் தெரியாத வேலி: ஒரு குட்டி நாய், ஒரு வயர், நான் பண்ண ஒரு தப்பு

போன எபிசோட் கேட்டுட்டு நிறைய பேர், "அண்ணா, எப்பவும் கோடு, இன்டர்வியூனே பேசுறீங்க, ஒரு தடவையாவது நீங்க சொதப்பின கதையைச் சொல்லுங்க"ன்னு கேட்டிருந்தீங்க. சரி, இன்னைக்குச் சொல்றேன். இதுல கோடு கிடையாது. ஒரு நாய் இருக்கு. ஒரு இன்ஜினியரோட ஓவர் கான்ஃபிடன்ஸும் இருக்கு.

சில வருஷம் முன்னாடி ஒரு ப்ராஜெக்டுக்காக ஆறு மாசம் அமெரிக்கா போயிருந்தேன். நார்த் கரோலினாவுல ராலேக்குப் பக்கத்துல கேரின்னு ஒரு ஊர். நம்ம ஆளுங்க நிறைய இருக்குற ஊர். அங்கதான் என் பெரியம்மா பொண்ணு இருக்கா. அதனால ஹோட்டல் வேண்டாம்னு அக்கா வீட்லயே தங்கிட்டேன். அக்கா, அத்தான், 7 வயசுல ஒரு பொண்ணு. அப்புறம் பட்டாணி.

பட்டாணி ஒரு பொமரேனியன். நம்ம ஊர்ல தெருவுக்கு ஒரு வீட்ல இருக்குமே, அதே வகை. 4 கிலோதான் எடை. ஆனா முயலைப் பார்த்துட்டா தான் ஒரு சிங்கம்னு நினைச்சுக்கும்.

பிரச்சினை என்னன்னா, அந்த மாதிரி குடியிருப்புகள்ல வீட்டு முன்னாடி காம்பவுண்டு சுவரே கிடையாது. புல்வெளி நேரா ரோட்ல போய் முடியும். வேலி போட்டுக்கலாமேன்னு தோணும். ஆனா அங்க வீட்டு உரிமையாளர்கள் சங்கம்னு ஒண்ணு இருக்கும். வீட்டுக்கு என்ன கலர் பெயின்ட் அடிக்கலாம்ங்கிறது வரைக்கும் அவங்க விதிதான். பல இடங்கள்ல முன்பக்கம் வேலி போடவே விட மாட்டாங்க. அக்கா இருந்த இடத்துலயும் அதே கதைதான். பின்பக்கம் போடலாம், ஆனா அதுக்குச் சில ஆயிரம் டாலர் ஆகும். பட்டாணி ரெண்டு தடவை ரோட்டுக்கு ஓடிடுச்சு. அக்கா பயந்து போயிட்டா.

அப்போதான் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார், மண்ணுக்கு அடியில ஒரு வயரைப் புதைச்சுட்டா போதும்னு. சில நூறு டாலர்ல வேலை முடிஞ்சிடும். வெளியில எதுவும் தெரியாது, சங்கமும் கேட்காது. நான் சொன்னேன், "அக்கா, ஆள் எல்லாம் கூப்பிடாத. ஒரு வீக்கெண்ட் கொடு, நானே போட்டுத் தர்றேன்."

இந்த விஷயம் புதுசு இல்லை. 1973லயே ரிச்சர்ட் பெக்ங்கிற ஒரு அமெரிக்கர் இதுக்குக் காப்புரிமை வாங்கிட்டார். அடிப்படை யோசனை இன்னைக்கும் அதேதான். கேரேஜ்ல ஒரு டிரான்ஸ்மிட்டர் பெட்டி. அதுல இருந்து ஒரு வயர் கிளம்பி, வீட்டு எல்லையைச் சுத்திட்டு, திரும்ப அதே பெட்டிக்கு வரணும். முழு லூப்பா இருக்கணும். ஒரு இடத்துல அறுந்தாலும் பெட்டி கீ கீன்னு கத்தும். வயர்ல போற மாறுமின்னோட்டம் அதைச் சுத்தி ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். நாயோட கழுத்துல இருக்குற காலர்ல ஒரு சின்ன காயில் இருக்கும். வயர் பக்கத்துல போனா அந்த காயில் சிக்னலைப் பிடிக்கும். முதல்ல பீப் சத்தம் வரும். அதையும் தாண்டிப் போனா, கழுத்துல படுற ரெண்டு உலோக முனை வழியா ஷாக். ஃபர்ஸ்ட் இயர் பிசிக்ஸ்ல தூங்கிட்டே கேட்டோமே, ஃபாரடே விதி, அதேதான்.

இதுல எனக்கு ரொம்பப் பிடிச்ச விஷயம் ஒண்ணு இருக்கு. கேரேஜ்ல இருந்து எல்லை வரைக்கும் ரெண்டு வயர் போகணும் இல்லையா, போறதுக்கு ஒண்ணு, வர்றதுக்கு ஒண்ணு. அந்த ரெண்டையும் ஜடை பின்ற மாதிரி முறுக்கிட்டா, எதிரெதிர் திசையில ஓடுற மின்னோட்டத்தோட புலங்கள் ஒண்ணையொண்ணு அழிச்சுடும். அந்த இடத்துல நாய் தாராளமா நடக்கலாம், ஒண்ணும் ஆகாது. லேன் கேபிள் உள்ள வயரை ஜோடி ஜோடியா முறுக்கி வெச்சிருக்காங்களே, அதுவும் இதே தத்துவம்தான்.

வேலை சூப்பரா நடந்தது. தோண்டுறதுக்கு முன்னாடி 811க்கு போன் பண்ணணும். அவங்க ஆள் அனுப்பி கேஸ் லைன், கரண்ட் லைன் எங்க போகுதுன்னு புல்லு மேல கலர் கலரா கோடு போட்டுட்டுப் போவாங்க. அந்த ஊர் செம்மண். மண்வெட்டியை இறக்கி ரெண்டு மூணு இன்ச் ஆழத்துக்குக் கீறல் போட்டு, வயரை உள்ள தள்ளி, காலால மிதிச்சு மூடணும். மூலைகள்ல வயரைச் செங்குத்தா மடக்காம வளைவாக் கொண்டு போனேன். மடக்கினா அந்த மூலையில சிக்னல் வீக் ஆயிடும். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் பெட்டியில பச்சை விளக்கு எரிஞ்சது. காலரைக் கையில வெச்சு நானே ஷாக் வாங்கிப் பார்த்தேன். பல்லி மேல விழுந்தா கையை உதறுவோமே, அப்படி உதறினேன். "இவ்வளவுதான்"னு அக்காகிட்ட சொன்னேன்.

இப்போ யோசிச்சா, நான் சொன்ன முதல் தப்பான வாக்கியம் அதுதான். எனக்கு ஷாக் எங்கிருந்து வருதுன்னு தெரியும், எப்போ வரும்னு தெரியும், எப்போ நிக்கும்னு தெரியும். பட்டாணிக்கு இதுல ஒண்ணுமே தெரியாது.

அதைத் தெரிய வைக்கிறதுக்குத்தான் டிரெயினிங். கிட் கூடவே ஒரு கட்டு சின்னக் கொடிகள் வரும். பீப் சத்தம் தொடங்குற இடத்துல அதையெல்லாம் வரிசையா நட்டு வைக்கணும். நாயைக் கயிறு கட்டிக் கூட்டிட்டுப் போகணும். முதல் சில நாள் ஷாக் கிடையாது, வெறும் சத்தம். சத்தம் கேட்டதும் நாம திரும்பணும், நாய் கூடவே திரும்பினா ஒரு பிஸ்கட். ஒவ்வொரு தடவையும் பத்து, பதினஞ்சு நிமிஷம், ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை. அப்புறம்தான் ஷாக்கை அதுவும் குறைஞ்ச அளவுல ஆன் பண்ணணும். அப்புறம் அந்தப் பக்கம் ஒரு பந்தைப் போட்டு ஆசை காட்டிப் பார்க்கணும். கடைசியாத்தான் கயிறு இல்லாம விடணும், அப்பவும் நாம கூடவே நிக்கணும். மொத்தம் ரெண்டு வாரம்னு கையேட்டுல எழுதியிருந்தது.

நாங்க பண்ணது நாலு நாள்.

எனக்கு அந்த வாரம் ப்ராஜெக்ட்ல ரிலீஸ். அக்காவுக்கும் அத்தானுக்கும் ஆபீஸ். நாலாவது நாள் பட்டாணி கொடியைப் பார்த்ததும் அதுவாவே திரும்பிடுச்சு. "கத்துக்கிச்சு அக்கா"ன்னு சொல்லிட்டேன். அடுத்த வாரம் கொடியையும் பிடுங்கிட்டோம், புல்வெளி அசிங்கமா இருக்குன்னு. ஒரே ஒரு டெஸ்ட் கேஸ் பாஸ் ஆனதும் புரொடக்‌ஷனுக்குத் தள்ளின மாதிரி.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம். அக்கா பொண்ணு வாசல்ல சாக்பீஸ்ல வரைஞ்சுட்டு இருந்தா. புல்வெளியில ஒரு முயல் வந்தது. பட்டாணி பாய்ஞ்சுது. எல்லைகிட்ட வீல்னு ஒரு சத்தம் கேட்டுது. ஆனா அது நிக்கலை. போன வேகத்துல ரோட்டையும் தாண்டி எதிர் வீட்டுப் பக்கம் போயிடுச்சு.

முயல் எங்கயோ மறைஞ்சு போச்சு. பட்டாணி திரும்பி வீட்டைப் பார்த்தது. எங்களைப் பார்த்து வாலை ஆட்டுச்சு. பாப்பா, "பட்டாணி, வா!"ன்னு கூப்பிட்டா. அதுவும் ஓடி வந்தது. எங்க பக்கத்து ஓரம் வந்ததும் காலர்ல பீப். உடனே பின்வாங்கி நடு ரோட்டுக்குப் போயிடுச்சு. பாப்பா மறுபடி கூப்பிட்டா. மறுபடி வந்தது, மறுபடி பின்வாங்குச்சு.

அப்போதான் எனக்குப் புரிஞ்சது. வெளியில ஓடும்போது அது ஒரு ஷாக் வாங்குச்சு, முயல் மேல இருந்த ஆசையில தாங்கிக்கிச்சு. ரோட்டுக்குப் போனதும் சிக்னல் இல்லை, நிம்மதி. ஆனா வீட்டுக்குத் திரும்பணும்னா மறுபடி அதே ஷாக். திரும்பி வர்றதுக்குப் பரிசா எந்த முயலும் கிடையாது. அந்த வயருக்கு உள்ள, வெளியங்கிற வித்தியாசமே தெரியாது. உள்ள வைக்கணும்னு நான் போட்ட வேலி, அதை வெளியில வெச்சுப் பூட்டிடுச்சு.

அந்த நேரம் பார்த்து ஒரு டெலிவரி வேன் திரும்புச்சு. நான் ரெண்டு கையையும் தூக்கிட்டு ரோட்ல இறங்கிட்டேன். ஓட்டிட்டு வந்தவர் கவனமா இருந்தார், வண்டி நின்னுடுச்சு. அவ்வளவுதான் நடந்தது. யாருக்கும் அடி படலை. ஆனா பாப்பா, "நான் கூப்பிட்டதாலதானே மாமா ரோட்ல நின்னுச்சு?"ன்னு கேட்டா பாருங்க, அதுக்கு என்கிட்ட பதில் இல்லை.

காலரைக் கழட்டிட்டு பட்டாணியைத் தூக்கிட்டு வந்தேன். காலரே இல்லை. ஆனாலும் அந்த எல்லையைத் தாண்டும்போது என் கையில நடுங்குச்சு. சட்டையெல்லாம் நனைச்சிடுச்சு. அதுக்கப்புறம் மூணு வாரம் வாசல் படியை விட்டுக் கீழே இறங்கவே இல்லை. அக்கா என்னைத் திட்டலை. ஒரு தடவை மட்டும் சொன்னா: "டேய், நீ வயருக்குப் பார்த்த வேலையில பாதியாவது நாய்க்குப் பார்த்திருக்கலாம்டா."

உண்மை. நான் வேலின்னு நினைச்சது மண்ணுக்குள்ள இருந்த வயரை. அது வேலியே இல்லை. வேலி நாயோட தலைக்குள்ள இருக்கு. அதைக் கட்டுறது டிரெயினிங்தான். நான் வயரை ரெண்டு நாள்ல பக்காவாப் போட்டுட்டு, உண்மையான வேலியை அரைகுறையா விட்டுட்டேன்.

அப்புறம்தான் உட்கார்ந்து படிச்சேன். ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017ல ஒரு ஆய்வு வெளியிட்டிருக்காங்க. எலக்ட்ரானிக் வேலி வெச்சிருந்த வீடுகள்ல சுமார் 44 சதவீத நாய்கள் ஒரு தடவையாவது தப்பிச்சிருக்கு. சாதாரண வேலி இருந்த வீடுகள்ல சுமார் 23 சதவீதம். வேல்ஸ் நாட்டுல 2010லயே நாய், பூனைகளுக்கு ஷாக் காலர் போடுறதைத் தடை பண்ணிட்டாங்க, இந்த வேலிக் காலரும் அதுல அடக்கம். அதே சமயம் அமெரிக்காவுல இதை ஒழுங்காப் பழக்கி, வருஷக்கணக்கா நிம்மதியா இருக்குற குடும்பங்களும் உண்டு. அக்காவுக்கு ஐடியா கொடுத்தாரே அந்தப் பக்கத்து வீட்டுக்காரர், அவரோட லேப்ரடார் அந்தக் கோட்டை மதிச்சு அழகா உட்கார்ந்திருக்கும். அவர் ஒரு மாசம் பழக்கியிருக்கார்.

இதைக் கேட்டுட்டு இருக்குற யாராவது அங்க குட்டி நாய் வளர்த்தா, இல்ல உங்க அண்ணன் அக்கா வீட்ல இருந்தா, சில விஷயம் சொல்லிடறேன்.

முதல்ல எடை. எல்லாக் காலரும் எல்லா நாய்க்கும் ஆகாது. குறைஞ்சபட்சம் எத்தனை பவுண்டுன்னு பெட்டியில போட்டிருக்கும். குட்டி நாய்க்கு ஷாக் அளவு மட்டும் இல்லை, அந்தக் காலரோட கனமே சுமைதான்.

ரெண்டாவது, முடி. பொமரேனியன் மாதிரி அடர்த்தியான முடி இருந்தா முனை தோல்ல படாது. பீப் கேட்கும், ஷாக் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. அது நாயைக் குழப்பிடும். அதுக்காக இறுக்கிக் கட்டி நாள் முழுக்க விட்டா கழுத்துல புண் வரும். ஒரு நாளைக்கு 12 மணி நேரத்துக்கு மேல போடாதீங்க. தினமும் கழட்டித் தோலைப் பாருங்க.

மூணாவது, இது ஒரு பக்க வேலி. உங்க நாய் வெளியில போறதைத்தான் தடுக்கும். வெளியில இருந்து வர்றதைத் தடுக்காது. பெரிய நாய் வரலாம், அங்கெல்லாம் கயோட்டின்னு ஓநாய் மாதிரி ஒரு விலங்கும் சுத்துது. 4 கிலோ நாயால ஓடவும் முடியாது, ஏன்னா பின்னாடி ஷாக். நம்ம ஊர்ல தெரு நாய்கள் இருக்குற இடத்துல இதைப் போடணும்னு நினைக்கிறவங்க இதை ரெண்டு தடவை யோசிங்க. வயரே வேண்டாம், ஜிபிஎஸ் காலர் இருக்கேன்னு கேப்பீங்க. ஜிபிஎஸ் சில மீட்டர் முன்னப் பின்னத்தான் காட்டும். உங்க தோட்டமே சில மீட்டர்தான்னா, கோடு எங்க இருக்குன்னு நாய்க்கு எப்படித் தெரியும்?

நாலாவது, நாய் தப்பிச்சு வெளியில போயிட்டா கூப்பிடாதீங்க. ஒருத்தர் டிரான்ஸ்மிட்டரை ஆஃப் பண்ணுங்க, இன்னொருத்தர் நடந்து போய்க் காலரைக் கழட்டித் தூக்கிட்டு வாங்க. இதை வீட்ல இருக்குற குழந்தைக்கும் சொல்லிக் கொடுங்க. நாங்க சொல்லிக் கொடுக்கலை.

கடைசியா, ரெண்டு வாரம் உங்களால ஒதுக்க முடியாதுன்னா இதை வாங்காதீங்க. கயிறு கட்டி நடக்கக் கூட்டிட்டுப் போங்க. அது போதும்.

அக்கா வீட்ல இப்போ பின்பக்கம் இடுப்பளவு வேலி போட்டாச்சு, சங்கத்துக்கிட்ட அனுமதி வாங்கி. பாதிக் காசு நான் கொடுத்தேன். அக்கா வேண்டாம்னுதான் சொன்னா. டிரான்ஸ்மிட்டரைக் கழட்டிக் கேரேஜ் ஷெல்ஃப்ல போட்டாச்சு. காலர் குப்பைக்குப் போயாச்சு.

போன மாசம் வீடியோ கால்ல பேசும்போது பாப்பா பட்டாணியை வாக்கிங் கூட்டிட்டுக் கிளம்புனா. முன்பக்கப் புல்வெளி முடியுற இடம் வந்ததும் பட்டாணி நின்னுடுச்சு. பாப்பா எதுவும் சொல்லலை. குனிஞ்சு தூக்கி, நாலு அடி எடுத்து வெச்சு, அந்தப் பக்கம் இறக்கி விட்டா. தினமும் அப்படித்தான் போறாங்களாம்.

சரி மக்களே, உங்க வீட்டு நாய், பூனைக் கதை இருந்தா வாய்ஸ் நோட்டா அனுப்புங்க. சொதப்பின கதைன்னா இன்னும் நல்லது, எனக்கும் துணை இருக்கும். அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.