எது கூட வரும், எது வராது? வெளிமாநிலம் குடிபோகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

சேலத்திலிருந்து புனேவுக்கு வேலை மாறுது, குடும்பத்தோடு போகணும்னு வைத்துக்கொள்ளுங்கள். கட்டில், பீரோ, பாத்திரம் எல்லாவற்றையும் லாரியில் ஏற்றிவிடலாம். ரேஷன் அரிசி, வண்டிப் பதிவு, ஓட்டு, சாதிச் சான்றிதழ் இதெல்லாம்? சில தானாகவே கூட வரும். சிலவற்றை நாம்தான் மாற்றணும். சில, சொந்த மாநிலத்தோடயே நின்றுவிடும். எது எந்த வகைன்னு தெரிந்து கிளம்பினால் பாதி அலைச்சல் மிச்சம்.

முதலில் கைபேசி எண். புது ஊர்ல வேறு சிம் வாங்கினாலும், ஆதாரில் பதிவான எண்ணை ரீசார்ஜ் செய்து வைத்திருங்கள். ஆதார் வழியாக நடக்கிற இணைய வேலைக்கெல்லாம் ஓ.டி.பி. அந்த எண்ணுக்குத்தான் வரும்.

அடுத்தது ரேஷன். ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தில் தமிழ்நாடு 2020 அக்டோபரில் சேர்ந்தது. உங்களுடையது பி.எச்.எச். எனப்படும் முன்னுரிமை அட்டை அல்லது அந்தியோதயா அட்டை என்றால், வேறு மாநில நியாயவிலைக் கடையிலும் கைரேகை வைத்து மத்திய அரசின் தானியத்தை வாங்கலாம். முன்னுரிமை அட்டைக்கு மாதம் ஆளுக்கு 5 கிலோ, அந்தியோதயா குடும்பத்துக்கு 35 கிலோ. இதற்காக அங்கே புது அட்டை எடுக்கத் தேவையில்லை. ஒரு பங்கை நீங்கள் அங்கே வாங்கலாம், மீதியை ஊரில் இருக்கும் அப்பா அம்மா வாங்கலாம். ஆனா பருப்பும் பாமாயிலும் தமிழ்நாடு அரசு தருவது. அவை எல்லை தாண்டாது. என்.பி.எச்.எச். அட்டைக்கு இந்த வசதி கிடையாது. அதனால அட்டையில் என்ன குறியீடு இருக்குன்னு இன்றைக்கே பாருங்க. வீட்டில் எல்லோருடைய ஆதாரும் இணைந்திருக்கா என்று நம்ம ஊர்க் கடையிலேயே கேட்டுவிடுங்க.

வண்டியைப் பார்ப்போம். ஓட்டுநர் உரிமம் நாடு முழுக்கச் செல்லும். வண்டி அப்படி இல்லை. 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருந்தால் அங்கே புதுப் பதிவு எண் வாங்கணும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டம். அதற்கு இங்குள்ள ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் தடையின்மைச் சான்று வாங்க வேண்டும். வண்டிமேல் கடன் இருந்தால் வங்கியின் சம்மதமும் வேணும். அங்கே சாலை வரி கட்டிய பிறகு, இங்கே கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கானதைத் திருப்பிக் கேளுங்கள். அது உங்கள் பணம்.

ஓட்டு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். ‘ஊர்ல பேர் இருக்கட்டும், இங்கேயும் ஒண்ணு சேர்த்துக்கலாம்’ என்பது சட்டப்படி தவறு. ஒருவருக்கு ஒரு தொகுதிதான். குடியேறிய பிறகு படிவம் 8 கொடுத்தால் பெயரைப் புதுத் தொகுதிக்கு மாற்றலாம். சந்தேகம் இருந்தால் 1950-க்கு அழையுங்கள்.

கடைசியாகச் சொல்வதுதான் பிள்ளைகளின் படிப்பைத் தொடுகிற விஷயம். பட்டியல் சாதி, பழங்குடிப் பட்டியல்கள் மாநிலத்துக்கு மாநிலம் தனித்தனி. இங்கே பட்டியலில் இருக்கும் ஒருவர், வேலைக்காகக் குடிபோன மாநிலத்தில் அந்த மாநிலத்தின் இடஒதுக்கீட்டைக் கேட்க முடியாது. உச்ச நீதிமன்றம் 1990-லேயே இதைத் தெளிவாக்கிவிட்டது. மத்திய அரசு வேலைக்கும் மத்திய நிறுவனங்களில் சேரவும் சொந்த மாநிலச் சான்றிதழ் செல்லும். ஆகவே உங்களுக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சாதிச் சான்றிதழை இ-சேவையில் வாங்கி, கைபேசியில் ஒரு நகல், மின்னஞ்சலில் ஒரு நகல் வைத்துக்கொண்டு கிளம்புங்க. விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் நெருங்கும்போது இதற்காக ரயில் ஏறி வரும்படி ஆகக் கூடாது.

போன பிறகு வாடகை ஒப்பந்தத்தைப் பத்திரமாக வையுங்கள். ஆதாரில் முகவரி மாற்ற அது உதவும். நமக்கு இ-சேவை மாதிரி மகாராஷ்டிராவில் ‘ஆப்ளே சர்க்கார்’, கர்நாடகத்தில் ‘சேவா சிந்து’, தெலங்கானாவில் ‘மீசேவா’, கேரளத்தில் ‘அக்ஷயா’. அவசரத்துக்கு 112, எந்த மாநிலத்திலும் அதே எண்தான்.

கிளம்பும் முன் அட்டை, சான்றிதழ், வண்டி. போன பின் ஓட்டு, முகவரி. இந்த ஐந்தையும் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். போகிற இடத்தில் நல்லா இருங்க.