'டேக்' என்றால் எடுப்பது மட்டுமா?

(நம் அறக்கட்டளையின் மாலைநேர ஆங்கில வகுப்பு நிறைவு நாளில் ஆசிரியர்கள் சார்பில் ஆற்றிய உரை)





மூன்று மாதம் நடத்திய பாடத்தையெல்லாம் திரும்பச் சொல்லி உங்களைச் சோதிக்கப் போவதில்லை. 'டேக்' என்ற ஒரே ஒரு வினைச்சொல்லைப் பற்றி மட்டும் பேசுகிறோம்.

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்த ஒரு தம்பி எங்களிடம் சொன்னது இது. ஒரு தங்கும் விடுதியில் அவர் வேலைக்குச் சேர்ந்த புதிது. அறை எண்களை 'டேக் டவுன்' செய்யும்படி மேலாளர் சொன்னாராம். டேக் என்றால் எடு, டவுன் என்றால் கீழே. தம்பி ஸ்க்ரூ டிரைவரோடு போய், கதவுகளில் இருந்த எண் பலகைகளைக் கழற்ற ஆரம்பித்துவிட்டார். மேலாளர் கேட்டதோ எண்களை எழுதிக்கொண்டு வரச் சொல்லி! எல்லோரும் சிரித்தார்கள். "அதுக்கப்புறம் ஆறு மாசம் நான் இங்கிலீஷ்ல வாயே திறக்கலை" என்றார் அவர்.

பலகைகளைத் திரும்ப மாட்டப் பத்து நிமிடம் போதும். போன ஆறு மாதத்தை யார் தருவது?

அவர் செய்தது முட்டாள்தனமும் இல்லை. சுவரில் மாட்டிய படத்தை 'டேக் டவுன்' என்றால் கழற்றத்தான் வேண்டும். எண்ணையோ முகவரியையோ 'டேக் டவுன்' என்றால் எழுதிக்கொள்ள வேண்டும். பக்கத்தில் நிற்கும் சொல்தான் பொருளை முடிவு செய்கிறது.

இன்னும் பாருங்கள். மாத்திரையை 'டேக்' என்றால் சாப்பிடு. 'டேக் எ சீட்' என்றால் நாற்காலியைத் தூக்க வேண்டாம், உட்காருங்கள். பரீட்சையை 'டேக்' செய்வது மாணவர், அதாவது பரீட்சை எழுதுவது. 'இட் டேக்ஸ் டூ அவர்ஸ்' என்றால் இரண்டு மணி நேரம் ஆகும். விமானம் 'டேக் ஆஃப்' ஆனால் மேலே கிளம்புகிறது. செருப்பை 'டேக் ஆஃப்' என்றால் கழற்று. மருந்துச் சீட்டில் 'டேக் ஆஃப்டர் ஃபுட்' என்றால் சாப்பாட்டுக்குப் பிறகு சாப்பிடு. 'ஷி டேக்ஸ் ஆஃப்டர் ஹர் மதர்' என்றாலோ, அவள் தாயைப் போலவே இருக்கிறாள்.

இதென்ன மொழி என்று மலைக்க வேண்டாம். நம் 'எடு' மட்டும் என்னவாம்? பெருநாளுக்குத் துணி எடுக்கிறோம், அது வாங்குவது. பசி எடுக்கிறது, பிள்ளை மார்க் எடுக்கிறது, கல்யாணத்தில் போட்டோ எடுக்கிறோம். 'பிடி'யும் அப்படித்தான். நோன்பு பிடிக்கிறோம், பஸ் பிடிக்கிறோம், சளி பிடிக்கிறது, பிரியாணி பிடிக்கிறது. இதற்கெல்லாம் நாம் அகராதி பார்த்தோமா? வீட்டில் காதால் கேட்டு, தப்பாகச் சொல்லி, திருத்திக் கற்றுக்கொண்டோம்.

ஆகவே மாணவர்களுக்கு இரண்டு வேண்டுகோள். ஒன்று, 'டேக் என்றால் எடு' என்று தனிச்சொல்லாக மனப்பாடம் செய்யாதீர்கள். பக்கத்துச் சொல்லோடு சேர்த்து முழு வாக்கியமாக நோட்டில் எழுதுங்கள். தினமும் ஒன்று போதும். இரண்டு, புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள். "எழுதிக்கொள்ளவா, கழற்றவா?" என்று திருப்பிக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் இல்லை. மருந்து விஷயத்தில் கேட்காமல் இருப்பது ஆபத்தும்கூட.

பெற்றோருக்கும் ஒரு வேண்டுகோள். பிள்ளை வீட்டில் தப்பும் தவறுமாக ஆங்கிலம் பேசினால் சிரிக்காதீர்கள். வாப்பாவும் உம்மாவும் சிரித்தால், அது வெளியில் வாய் திறக்காது. அந்தத் தம்பியின் ஆறு மாத மௌனம் நம் பிள்ளைகள் யாருக்கும் வர வேண்டாம்.